மக்காச்சோளம், உளுந்து, சூரியகாந்தி சுழற்சி: எருவையும் ரசாயன உரத்தையும் எப்படிச் சரியாக ஒப்பிடுவது?

வரப்போரம்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே வயலைக் குறுக்கே வரப்பு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறேன். மேல்பாதிக்கு யூரியா, டிஏபி, பொட்டாஷ். கீழ்ப்பாதிக்கு மட்கிய தொழுவுரமும் கொஞ்சம் மண்புழு உரமும் மட்டும். இரண்டிலும் ஒரே சுழற்சிதான்: முதலில் மக்காச்சோளம், அடுத்து உளுந்து, அப்புறம் சூரியகாந்தி, திரும்பவும் மக்காச்சோளம். எது விளைச்சலுக்கும் மண்ணுக்கும் நல்லது என்று அவரவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காமல் என் நிலத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பது எண்ணம்.

முதல் மக்காச்சோளம் அறுவடை முடிந்துவிட்டது. பயிர் முழங்கால் உயரம் வரும்வரை இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு மேல் எருப் பாதி வெளிற ஆரம்பித்தது. அடி இலைகள் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக உள்நோக்கி மஞ்சளாகிக் காய்ந்தன, கதிரும் சிறுத்துவிட்டது. ரசாயனப் பாதி கடைசிவரை கரும்பச்சையாக நின்றது. மேல்பாதிக்கு ஏக்கர் கணக்கில் 50 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 25 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 20 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்) கொடுத்தேன். கீழ்ப்பாதிக்கு ஏக்கருக்கு 5 டன் எரு, 200 கிலோ மண்புழு உரம்.

தெரிந்தவர்களில் ஒருவர் 'எருவை மட்டும் நம்பினால் இப்படித்தான்' என்கிறார், இன்னொருவர் 'மூன்று வருஷம் பொறுங்கள், மண் திரும்பிவிடும்' என்கிறார். இரண்டுமே எனக்குத் திருப்தியாக இல்லை. இந்த மஞ்சளுக்குக் காரணம் எரு மெதுவாக வேலை செய்வதா, நான் போட்ட அளவு போதாததா? அடுத்து வரும் உளுந்துக்கு எந்தப் பாதியில் என்ன கொடுப்பது? கடைசியில் எதை அளந்து பார்த்தால் ஒப்பீடு நியாயமாக இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் நன்றாக இருக்கும்.


ஏர்க்கால்:

நண்பரே, நீங்கள் அளவுகளையும் எழுதியது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு நம்பிக்கையைத்தான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக அடி இலை மஞ்சளாவது மக்காச்சோளத்தில் தழைச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம். சாம்பல்சத்து குறைந்திருந்தால் இலையின் ஓரம் கருகும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். மணிச்சத்து குறைந்திருந்தால் இளம்பயிரிலேயே இலை ஊதா நிறம் காட்டும். ஆக உங்கள் பயிருக்குப் பற்றாமல் போனது தழைச்சத்துதான். அது ஏன் என்று கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

நன்றாக மட்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து சுமாராக 0.5 சதவீதம், மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து 0.5 இருக்கும். 5 டன் எருவில் 25 கிலோ தழைச்சத்து. மண்புழு உரம் 200 கிலோவில் இன்னொரு 3 கிலோ என்று வையுங்கள். மொத்தமே 28 கிலோ, எதிர்ப்பக்கத்தில் 50 கிலோ. அதோடு முடியவில்லை. எருவில் உள்ள தழைச்சத்து பெரும்பகுதி கரிமப் பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றினால்தான் வேர் எடுக்க முடியும். முதல் பருவத்தில் அப்படி விடுபடுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதாவது உங்கள் கீழ்ப்பாதிக்கு உரத்திலிருந்து கிடைத்தது 9, 10 கிலோ. நீங்கள் 50 கிலோவையும் 10 கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். எரு தோற்றுவிட்டது என்று இதிலிருந்து சொல்ல முடியாது, மூன்று வருஷம் பொறு என்று சொல்வதற்கும் இதில் ஆதாரம் இல்லை.

முழங்கால் உயரம்வரை வித்தியாசம் தெரியாததற்கும் காரணம் உண்டு. அதுவரை மக்காச்சோளம் எடுக்கும் தழைச்சத்து மிகக் கொஞ்சம், மண்ணில் இருப்பதே போதும். அங்கிருந்து கதிரில் பட்டுநூல் வெளிவரும்வரை உள்ள சில வாரங்களில்தான் தன் தேவையில் பெரும்பங்கை ஒரே மூச்சில் இழுக்கும். எரு தன் வேகத்தில்தான் கொடுக்கும், இந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்காது.

சரி, அப்படியானால் எருவைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். முதல் பருவத்திலேயே 50 கிலோ கிடைக்கும்படி போட வேண்டுமென்றால் ஏக்கருக்கு 30 டன் தேவை. அதோடு 60 கிலோ மணிச்சத்து கூடவே வந்துவிடும், பயிர் கேட்பதோ அதில் பாதிக்கும் குறைவு. வருஷாவருஷம் இப்படிப் போட்டால் மணிச்சத்து மண்ணில் குவியும், மழைநீர் அடித்துப்போகும் மண்ணோடு சேர்ந்து குளம் குட்டைக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். எருவில் தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் உள்ள விகிதம் வேறு, பயிரின் தேவையின் விகிதம் வேறு. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எருவை மணிச்சத்துக் கணக்குக்குப் போட்டுவிட்டு, மீதித் தழைச்சத்தைப் புண்ணாக்கிலிருந்தோ பயறுவகைப் பயிரிலிருந்தோ எடுப்பதுதான் இயற்கைவழிப் பாதிக்குச் சரியான வழி. வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து சுமாராக 5 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 7 சதவீதம் வரை இருக்கும், அவை எருவைவிட வேகமாகவும் விடுபடும்.


வேர்முடிச்சு:

ஏர்க்கால் சொன்ன கணக்கு சரி. நான் உளுந்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சுழற்சியில் சாவியே அங்கேதான் இருக்கிறது.

உளுந்து விதைத்து ஒரு மாதம் ஆனதும் இரண்டு பாதியிலும் சில செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் வேரிலுள்ள முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். வேரை ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசிவிட்டு முடிச்சுகளைப் பாருங்கள். பெரிதாக, முக்கியமாக ஆணிவேரை ஒட்டி இருக்கிற முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்த மாதிரி இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு இருந்தால் முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பலன் இல்லை. மண்ணில் நைட்ரேட் நிறைய இருந்தால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும், இலவசமாகக் கிடைக்கும்போது அது ஏன் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை செலவழிக்க வேண்டும்? அதனால் ரசாயனப் பாதியிலும் உளுந்துக்கு யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். ஆரம்பத்தில் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் டிஏபியில் மணிச்சத்தோடு வரும் கொஞ்சம் தழைச்சத்து போதும். உளுந்துக்கு உண்மையில் வேண்டியது மணிச்சத்து. முடிச்சுகள் வேலை செய்ய அது நிறையச் செலவாகும். இரண்டு பாதியிலும் விதையை ரைசோபியம் கலந்து விதைத்துவிடுங்கள், அது ஒரு பாதிக்கு மட்டும் சலுகையாக ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று. 'பயறு போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து வந்துவிடும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். எவ்வளவு வரும் என்பது நீங்கள் எதை வயலைவிட்டு எடுத்துப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உளுந்தில் புரதம் 24 சதவீதம் அளவு, அதாவது தழைச்சத்து கிட்டத்தட்ட 3.8 சதவீதம். ஏக்கருக்கு 300 கிலோ உளுந்து எடுத்தால் மணியோடு 11 கிலோவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. செடியையும் வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய் அடித்து, காய்த்தோலும் சருகுமான பொட்டையும் திரும்பக் கொண்டுவரவில்லை என்றால் மண்ணுக்கு மிச்சம் என்று சொல்ல எதுவுமே இல்லாமலும் போகலாம். அடியோடு அறுத்து வேரை மண்ணில் விட்டு, பொட்டையும் வயலில் பரப்பினால்தான் அடுத்த சூரியகாந்திக்கு அது தெரியும். இரண்டு பாதியிலும் இதை ஒரே மாதிரி செய்யுங்கள். கழிவை ஒரு பாதியில் விட்டு இன்னொரு பாதியில் அள்ளிவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது உரத்தை இல்லை, கழிவை.

மக்காச்சோளத் தட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தட்டையில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு, விகிதம் 60-க்கு 1 அல்லது அதற்கும் மேல். சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25-க்கு 1 என்கிற அளவில் வேண்டும். குறைகிற தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தட்டையை மடக்கி உழுதுவிட்டு உடனே தழைச்சத்து கேட்கிற பயிரை விதைத்தால் பயிர் சில வாரம் பட்டினிதான். அந்த இடத்தில் உளுந்து வருவது உங்கள் சுழற்சியில் உள்ள நல்ல அம்சம், அது தன் தேவையைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சூரியகாந்தி எடுத்ததும் சணப்போ தக்கைப்பூண்டோ பசுந்தாள் உரமாக விதைத்து, பூக்கத் தொடங்கும்போது, அதாவது 45 நாள் வாக்கில், மடக்கி உழுதுவிடுவேன். பூத்து முற்றவிட்டால் தண்டு நாராகிச் சிதைய நாளாகும். இளசாக உழுதால் ஒரு வாரம், பத்து நாளில் மட்கத் தொடங்கும், அப்போது மக்காச்சோளம் விதைத்தால் அந்த அவசரமான வாரங்களுக்கு எருவோடு இதுவும் கை கொடுக்கும், மணிச்சத்தும் தேவைக்கு மேல் குவியாது.


நீள்வயல்:

நல்ல விவாதம். நான் நீண்டகாலச் சோதனைகள் என்ன சொல்கின்றன என்பதைக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை ஏற்கெனவே நூறு வருஷத்துக்கு மேல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற வயல்கள் இருக்கின்றன.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமை விதைக்கிறார்கள். ஒரு துண்டுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம், சில துண்டுகளுக்கு வெவ்வேறு அளவில் ரசாயன உரம், ஒரு துண்டுக்கு ஒன்றுமே கிடையாது. நூறு வருஷத்துக்கும் மேல் எருத் துண்டும் நல்ல அளவு ரசாயன உரம் பெற்ற துண்டும் ஏறக்குறைய ஒரே விளைச்சலைக் கொடுத்தன. ரசாயன உரத்தால் மண் செத்துப்போய்விடும் என்பதற்கும் எருவால் விளைச்சலே வராது என்பதற்கும் அந்த வயல் சாட்சி சொல்லவில்லை. ஆனால் கரிமச்சத்து என்று வரும்போது எருத் துண்டு வெகுவாக உயர்ந்து, உரமிடாத துண்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேலானது. இந்தச் சுழற்சி விவாதத்துக்கு முக்கியமானது இன்னொன்று: 1968-இல் அந்த வயலில் ஒரு பகுதியைச் சுழற்சிக்கு மாற்றினார்கள். இடையில் வேறு பயிர் வந்துவிட்டுத் திரும்ப வரும் முதல் கோதுமை, அதே உர அளவில் தொடர்கோதுமையைவிட அதிகம் விளைந்தது. வேரைத் தாக்கும் ஒரு பூஞ்சணம் இடைவெளியில் பட்டினி கிடந்து குறைந்துவிடுவது பெரிய காரணம். உரத்துக்கு அதில் பங்கில்லை, சுழற்சிக்கே உரிய லாபம் அது. உங்கள் வயலில் இரண்டு பாதிக்கும் அது சமமாகக் கிடைக்கும்.

இன்னொன்று சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில் தெர்வில் என்ற ஊரில் 1978-இல் தொடங்கிய சோதனை. இயற்கைவழி, ரசாயனவழி இரண்டுக்கும் ஒரே பயிர்ச் சுழற்சி. 21 வருஷத்து முடிவை 2002-இல் வெளியிட்டார்கள். இயற்கைவழித் துண்டுகளில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு, அவற்றுக்குப் போட்ட சத்துகளோ 34 முதல் 53 சதவீதம் வரை குறைவு. அந்தச் சராசரியைப் பிரித்துப் பாருங்கள்: கோதுமையில் இடைவெளி 10 சதவீதம் அளவுதான், உருளைக்கிழங்கில் 35 சதவீதம், 40 சதவீதம் என்று போனது. ஒரே நிலம், ஒரே சுழற்சி, பயிருக்குப் பயிர் முடிவு இப்படி மாறுகிறது. அதனால் உங்கள் மக்காச்சோளத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சுழற்சி ஒன்று முழுதாக முடிந்து, மூன்று பயிரின் விளைச்சலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எருவிலிருந்து முதல் பருவத்தில் விடுபடாத மீதி உளுந்துக்கும் சூரியகாந்திக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. மக்காச்சோளத்தோடு கணக்கை மூடினால் எருவின் செலவு முழுவதும் எழுதப்பட்டுவிடும், வரவில் ஒரு பகுதிதான் ஏறியிருக்கும்.

'மண் திரும்பிவிடும்' என்று சொன்னவருக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 900 டன் எடை. கரிமச்சத்தை 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். 5 டன் எருவில் பாதி ஈரம், மீதி இரண்டரை டன்னில் கரிமம் 750 கிலோ இருந்தால் அதிகம். அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சுவாசித்துக் காற்றில் விட்டுவிடும், தங்குவது 200 கிலோவைத் தாண்டினால் நல்லது. வருஷத்துக்கு 0.02 சதவீதம். மண் மாதிரி எடுப்பதில் வரும் பிசகே இதைவிடப் பெரியது. ஒரு வருஷத்தில் பரிசோதனைச் சீட்டில் எண் உயரவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள், உயர்ந்திருந்தாலும் நம்பிவிடாதீர்கள்.


கணக்கன்:

எல்லோரும் எருவின் பக்கத்துக்கு நியாயம் செய்துவிட்டீர்கள், நான் யூரியாவுக்காகக் கொஞ்சம் பேசுகிறேன். வேர் எடுப்பது பெரும்பாலும் நைட்ரேட்டும் அம்மோனியமும்தான். அது யூரியாவிலிருந்து வந்ததா, எருவிலிருந்து வந்ததா என்ற வித்தியாசம் செடிக்கு இல்லை. யூரியாவின் பலமே தேவைப்படுகிற வாரத்தில் தேவைப்படுகிற அளவை வைக்க முடிவதுதான். அந்தப் பலத்தை நாம்தான் வீணடிக்கிறோம். ஈர மண்மேல் யூரியாவைத் தூவிவிட்டு அப்படியே விட்டால், மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி சில நாளில் அதை உடைத்து அம்மோனியாவாகக் காற்றில் விட்டுவிடும், வெயிலும் காரத்தன்மையும் இருந்தால் இன்னும் வேகம். வரிசைக்குப் பக்கத்தில் கோடு கிழித்துப் போட்டு மண் அணைத்துவிடுங்கள், அல்லது போட்டதும் பாசனம் கொடுத்து உள்ளே இறக்குங்கள். 50 கிலோவையும் விதைக்கும்போதே கொட்டாமல், முழங்கால் உயரத்தில் பெரும்பங்கும் பூட்டை (ஆண் பூ) எடுக்கும்போது மீதியும் பிரித்துக் கொடுங்கள்.

எருவிலும் சத்து வீணாகும் என்பதை மறக்கக் கூடாது. வெயிலில் நாள் கணக்கில் குவியலாகக் கிடந்தால் அம்மோனியா போய்விடும், பரப்பியதும் அன்றைக்கே உழுது மண்ணுக்குள் தள்ள வேண்டும். அதைவிட முக்கியம், எரு தன் நேரத்துக்குச் சிதையும். பயிர் இல்லாத வெற்று நிலத்தில் மழை பெய்து சூடும் ஈரமும் சேர்ந்தால் நைட்ரேட் உருவாகி வேர் இல்லாமல் நேராகக் கீழே கழுவிப்போகும். நிலத்தடி நீரில் நைட்ரேட் சேர்வதற்கு ரசாயன உரம் மட்டும் காரணம் என்று நினைப்பது தவறு. உங்கள் சுழற்சியில் சூரியகாந்தி இருப்பது இதற்கு நல்லது, அதன் ஆணிவேர் ஆழமாகப் போய்க் கீழே இறங்கிய நைட்ரேட்டையும் பொட்டாஷையும் மேலே கொண்டுவரும்.

ரசாயனப் பக்கத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அம்மோனியம், மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. சுண்ணாம்பு நிறைந்த மண்ணுக்கு அது பல வருஷம் தெரியாது, ஏற்கெனவே அமிலமான செம்மண்ணில் சீக்கிரம் தெரியும். துத்தநாகம், போரான் போன்ற நுண்சத்துகளை யூரியா, டிஏபி, பொட்டாஷ் மூன்றும் கொடுக்காது, எருவில் கொஞ்சம் கொஞ்சம் எல்லாம் உண்டு. சூரியகாந்தி போரான் குறைவை உடனே காட்டும் பயிர், பூவின் நடுவில் மணி பிடிக்காது. அப்போது எருப் பாதி முந்தினால் அது ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குள்ள பெரிய ஆட்சேபம் உங்கள் வரப்பைப் பற்றியது. மேல்பாதி, கீழ்ப்பாதி என்று எழுதியிருக்கிறீர்கள். சரிவான நிலத்தில் கீழ்ப்பாதிக்கு வண்டலும் ஈரமும் தானாக இறங்கும், தண்ணீர் தேங்கினால் அதுவே பயிரை வெளிறவைக்கும். உரத்தின் வித்தியாசத்தையும் இடத்தின் வித்தியாசத்தையும் இப்போது உங்களால் பிரிக்க முடியாது. சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாகப் பட்டைகளாகப் பிரியுங்கள். ஒன்றுமே போடாத பட்டை, எருப் பட்டை, ரசாயனப் பட்டை, பாதிக்குப் பாதி கலந்த பட்டை, இந்த நாலும் குறைந்தது மூன்று தடவை திரும்ப வரட்டும், வரிசை மாறி மாறி வரட்டும். ஒன்றுமே போடாத பட்டை வீண் என்று தோன்றும், ஆனால் மண் தானாக எவ்வளவு கொடுக்கிறது என்று அது ஒன்றுதான் சொல்லும்.


வரப்போரம்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கன் சொன்னது உண்மை, கீழ்ப்பாதி மூலையில் மழைக்குப் பிறகு இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். பட்டைகளாக மாற்றிவிடுகிறேன். உளுந்தை எல்லாப் பட்டையிலும் ஒரே மாதிரி விதைத்து, பட்டைக்குப் பட்டை நிலம் எப்படி மாறுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு உர வித்தியாசத்தைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன், சரியா? பாதிக்குப் பாதி என்றால் எதை எந்தப் பயிருக்குப் போடுவது? மண் மாதிரியை எப்போது எடுப்பது?


ஏர்க்கால்:

மிகச் சரி, ஒரு பருவம் உர வித்தியாசம் ஒன்றும் செய்யாமல் விளைச்சலை மட்டும் பட்டை வாரியாக எடைபோடுங்கள். உரத்தில் வித்தியாசமே இல்லாதபோது பட்டைகளுக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் வருகிறதோ, நாளைக்கு அதைவிடச் சின்ன வித்தியாசத்தை உரத்தின் பெயரில் எழுதக் கூடாது. போன தடவை போட்ட உரத்தின் மிச்சமும் அதில் கொஞ்சம் தெரியும், அதையும் குறித்துவையுங்கள்.

கலந்த பட்டையில் எருவை மூன்று பயிருக்கும் பங்கிடாதீர்கள். மொத்தத்தையும் மக்காச்சோளத்துக்கு முன்னால் அடியுரமாகப் போட்டு உழுதுவிடுங்கள், யூரியாவை முழங்கால் உயரத்தில் மேலுரமாக மட்டும் கொடுங்கள். எருவிலேயே மணிச்சத்து வந்துவிடுவதால் டிஏபியைக் குறைத்துக்கொள்ளலாம். அடுத்த உளுந்துக்கு எருவின் மிச்சம் போதும், சூரியகாந்திக்கு உளுந்தின் கழிவும் கொஞ்சம் மேலுரமும். எதை எந்தப் பயிருக்கு வைக்கிறோம் என்பதுதான் இந்தச் சுழற்சியில் எருவா யூரியாவா என்பதைவிடப் பெரிய கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மண் மாதிரி, சூரியகாந்தி அறுவடை முடிந்து அடுத்த எருவோ பசுந்தாளோ போடுவதற்கு முன்னால். ஒவ்வொரு சுழற்சியிலும் அதே கட்டத்தில், அதே 15 சென்டிமீட்டர் ஆழத்தில். பட்டைக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு ஆங்கில 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்துக்குச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். எரு கொட்டி வைத்திருந்த இடம், மரத்தடி, வரப்பு ஓரம் வேண்டாம்.

மக்காச்சோளத்தை எடைபோடும்போது ஈரத்தைச் சரிக்கட்டுங்கள். பச்சையாக நின்ற பட்டையின் மணியில் ஈரம் கூடுதலாக இருக்கும், அப்படியே எடைபோட்டால் தண்ணீரையும் விளைச்சலில் சேர்த்துவிடுவீர்கள். அப்புறம் ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு ஓரத்திலும் உள்ள இரண்டிரண்டு வரிசையை எடையில் சேர்க்காமல் தனியாக அறுத்து எடுத்துவிடுங்கள், அந்த வேர்கள் பக்கத்துப் பட்டையின் உரத்தையும் தின்றிருக்கும்.